98 சதவீதம் ஒன்றாக இருக்கும் பசுங்கணிக ஜீனோம்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான். ஒரே பேரினத்தைச் சேர்ந்த ஐந்து காட்டுச்செடிகளின் பசுங்கணிக ஜீனோமை, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தனி டி.என்.ஏ.வை, முழுதாக வரிசைப்படுத்தி வாங்கியாகிவிட்டது. ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 98 சதவீதம் ஒன்றேதான். ஒரு செடியில் மட்டும் பதினெட்டாயிரம் எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகள்) நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகக் கிடக்கிறது. உறவுமுறை மரம் போட்டுப் பார்த்தால், பூவையும் காயையும் வைத்து வகைப்பாட்டியலார் சொன்ன உறவோடு அது ஒத்துப்போகவில்லை. இவ்வளவு ஒன்றாக இருப்பதில் ஒப்பிட என்ன இருக்கிறது, அந்தத் தலைகீழ்த் துண்டு புதுக் கண்டுபிடிப்பா, இரண்டு மரங்களில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைகீழ்த் துண்டு அநேகமாகக் கண்டுபிடிப்பு இல்லை. 98 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. இரண்டு மரங்களுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைகீழ்த் துண்டை முதலில் முடித்துவிடலாம். பூக்கும் தாவரங்களின் பசுங்கணிக ஜீனோம் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமைந்த ஒரு வளையம். புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சுகியுரா குழுவினர் முழுதாகப் படித்து வெளியிட்ட ஜீனோம் அது. அதே ஆண்டு கியோட்டோவிலிருந்து மார்கான்ஷியா என்ற, பாசிபோன்ற பூக்காத சிறு செடியின் பசுங்கணிக ஜீனோமும் வந்தது. இந்தத் துறையே அந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. புகையிலையில் மொத்தம் 1,55,943 எழுத்துகள். அதில் பெரிய ஒற்றைப் பகுதி 86,686, சிறிய ஒற்றைப் பகுதி 18,571. இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டு நிற்பது 25,343 எழுத்துள்ள ஒரே வரிசையின் இரண்டு பிரதிகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். இவற்றை இரட்டைப் பகுதி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பிரதிகளும் அச்சு அசலாக ஒன்றாகவும் எதிரெதிராகவும் இருப்பதால், அவை தமக்குள் இணைந்து துண்டு மாற்றிக்கொள்ளும். அப்படி நடக்கும் ஒவ்வொரு தடவையும் நடுவிலுள்ள சிறிய பகுதி திரும்பிவிடும். ஆகவே ஒரே செடியின் ஒரே இலையில் இரண்டு திசை வடிவங்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். ஜெஃப்ரி பாமர் இதை 1983-இலேயே பீன்ஸ் செடியில் காட்டிவிட்டார். நம்மிடம் வரும் துண்டு வரிசைகளோ பெரும்பாலும் 150 எழுத்து நீளம். அவற்றால் இருபத்தைந்தாயிரம் எழுத்துள்ள இரட்டைப் பகுதியைத் தாண்டி அந்தப் பக்கம் எது என்று சொல்ல முடியாது. அதனால் துண்டுகளை ஒட்டி முழு ஜீனோமாகக் கோவைப்படுத்தும் மென்பொருள் ஏதோ ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. நான்கு செடிக்கு ஒரு திசையும் ஐந்தாவதுக்கு மறு திசையும் வந்தால் அது தற்செயல். இதைத் தெரியாமல் 'சிறிய ஒற்றைப் பகுதியில் தலைகீழ் மாற்றம்' என்று இனங்களுக்கு இடையிலான வேறுபாடாகவே எழுதி வெளியிட்ட கட்டுரைகள் உண்டு. உங்கள் துண்டின் இரு முனைகளும் சரியாக இரட்டைப் பகுதியின் எல்லையில் முடிகின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் அதைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.

உண்மையான தலைகீழ் மாற்றம் எப்படி இருக்கும் என்றால், அதன் முனைகள் வேறெங்காவது, பெரும்பாலும் பெரிய ஒற்றைப் பகுதிக்குள் இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் அப்படி ஏறத்தாழ 22,800 எழுத்துள்ள ஒன்று உண்டு. ஜான்சனும் பாமரும் 1987-இல் அந்தப் பெரிய குடும்பம் நெடுகத் தேடியபோது, தென்னமெரிக்காவின் பர்னடீசியாக் கிளையில் மட்டும் அது இல்லை. அந்தக் குடும்பத்தில் முதலில் பிரிந்த கிளை எது என்று அதுவரை நடந்த வாதத்துக்கு அந்த ஒரே மாற்றம் பதில் சொல்லிவிட்டது. பெரிய தலைகீழ் மாற்றம் அபூர்வம். அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

சின்னத் தலைகீழ் மாற்றங்கள் அபூர்வமே இல்லை, ஆனால் ஆளை ஏமாற்றும். இரண்டு மரபணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் சில இடங்களில் வரிசை தன்மீதே மடிந்து கொண்டை ஊசிபோல் நிற்கும். அதன் நுனி வளையத்தில் ஐந்து எழுத்துகள், ஏ ஏ ஜி ஜி ஏ, இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் மட்டும் திரும்பினால் அதே இடத்தில் டி சி சி டி டி என்று படிக்கும். அடுக்கிப் பார்த்தால் ஐந்து இடமும் வேறு. மென்பொருள் ஐந்து தனித்தனி மாற்றங்கள் என்று எண்ணும். நடந்தது ஒன்றே ஒன்று. மோசம் என்னவென்றால் இது ஒரே இனத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருக்கும். நெருங்கிய செடிகளை ஒப்பிடும்போது இப்படி நாலைந்து வளையங்களை மாற்றமாக எண்ணிவிட்டாலே மரத்தின் ஒரு கிளை இடம் மாறிவிடும். ஐந்தாறு எழுத்து அடுத்தடுத்து மாறியிருக்கும் இடம் எதுவானாலும், அதன் இரு புறமும் எதிரொலிக்கும் வரிசை இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது நல்லது. இதற்கு மென்பொருளைவிடக் கண்தான் வேகம்.

சரி, 98 சதவீதத்துக்கு வருவோம். ஒன்றரை லட்சத்தில் இரண்டு சதவீதம் என்றால் மூவாயிரம் எழுத்து. அது குறைவில்லை. ஆனால் அந்த மூவாயிரமும் சமமாகத் தூவிக் கிடக்கவில்லை. பசுங்கணிக ஜீனோம் மெதுவாக மாறும் பண்டம். புரதத்தைப் பாதிக்காத எழுத்து மாற்றங்களை எண்ணிப் பார்த்தால், தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவு, அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம் பசுங்கணிகம், அதைப்போல் இரண்டு மடங்கு உட்கரு என்று வுல்ஃபும் கூட்டாளிகளும் 1987-இல் கணக்கிட்டார்கள். பசுங்கணிகத்துக்குள்ளேயே இரட்டைப் பகுதி இன்னும் மெதுவு, ஏனென்றால் ஒரு பிரதியில் வரும் மாற்றத்தை மறு பிரதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஒளிச்சேர்க்கைப் புரதங்களின் மரபணுக்கள் ஏறக்குறைய அசையாது. மரபணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களும், மேட்-கே, ஒய்.சி.எஃப்-1 போன்ற ஒருசில மரபணுக்களும்தான் வேறுபாடுகளின் கிடங்கு. 2009-இல் தாவர இனத்தை அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. பார்கோடாக ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டு மரபணுக்களையும் பரிந்துரைத்தார்கள். தூரத்து உறவுகளைப் பிரிக்க அவை போதும். ஒரே பேரினத்துக்குள், அதுவும் சமீபத்தில் பிரிந்த இனங்களை அவற்றால் பிரிக்க முடியாமல் போவது வழக்கம். முழு ஜீனோமை வரிசைப்படுத்துவதற்கு இருக்கும் நல்ல காரணமே அதுதான்.

இங்கே ஒரு புலம்பல். இப்போது வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பாதிக்கு ஒரே அச்சு. வட்டப்படம் ஒன்று, கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) பயன்பாட்டு அட்டவணை ஒன்று, ஏ ஏ ஏ அல்லது டி டி டி என்று நீளும் எளிய தொடர்களின் எண்ணிக்கை, இரட்டைப் பகுதியின் எல்லை எந்த மரபணுவுக்குள் எத்தனை எழுத்து நுழைந்திருக்கிறது என்ற கட்டப்படம், கடைசியில் ஒரு மரம். நெருங்கிய இனங்களுக்குள் கோடான் பயன்பாடு மாறவே மாறாது, அதை அட்டவணை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. இரட்டைப் பகுதியின் எல்லை சில பத்து எழுத்து முன்னும் பின்னும் நகர்வது சர்வசாதாரணம். பெலார்கோனியத்தில் நடந்ததுபோல் இரட்டைப் பகுதி 75,000 எழுத்தைத் தாண்டி வீங்கி, மொத்த ஜீனோமே 2,17,942 எழுத்துக்கு வந்து நின்றால் அது செய்தி. அதே குடும்பத்து எரோடியம் சிலவற்றில் ஒரு பிரதியே காணாமல் போயிருக்கிறது, அதுவும் செய்தி. பத்து எழுத்து நகர்ந்தது செய்தி இல்லை. எளிய தொடர்களின் நீளத்திலோ, பத்துக்கு மேல் ஒரே எழுத்து வரும் இடத்தில் வரிசைப்படுத்தும் இயந்திரமே ஒன்றிரண்டு எண்ணித் தவறும். ஒன்பதா பத்தா பதினொன்றா என்பதை வைத்து இனத்தைப் பிரிக்காதீர்கள்.

'இந்த இனத்தில் இந்த மரபணு இல்லை' என்று எழுதும் முன்பும் ஒரு தடவை நிதானிக்க வேண்டும். பெட்-பி என்ற மரபணுவின் முதல் துண்டு வெறும் 6 எழுத்து, அதற்குப் பின், புரதம் செய்யும் முன் வெட்டி எறியப்படும் நீளமான இன்ட்ரான், பிறகுதான் மீதி. தானியங்கி மென்பொருளுக்கு ஆறெழுத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு செடியில் பிடிக்கும், அடுத்ததில் விட்டுவிடும். ஆர்.பி.எஸ்-12 இன்னும் வேடிக்கை. அதன் முதல் துண்டு ஜீனோமின் ஒரு மூலையிலும் மீதி வேறு மூலையிலும் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியாகப் படியெடுக்கப்பட்டு பிறகு ஒட்டப்படுகின்றன. இன்னும் சில மரபணுக்கள் வழக்கமான ஏ டி ஜி என்று தொடங்காமல் ஏ சி ஜி என்று தொடங்கும், ஆர்.என்.ஏ. நிலையில்தான் அந்தச் சி திருத்தப்படும். டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் செத்துப்போன மரபணுபோலத் தெரியும். நெருங்கிய இனங்களுக்குள் மரபணு எண்ணிக்கை 112, 113, 114 என்று மாறி வந்தால், முதல் சந்தேகம், எந்த மரபணு எங்கே என்று குறியிட்டவர்மேல்தான் விழ வேண்டும். ஐந்து செடிகளையும் ஒரே மென்பொருளில், ஒரே மாதிரிச் செடியை அடிப்படையாக வைத்துப் புதிதாகக் குறியிடுங்கள். தரவுவங்கியில் இருப்பதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஐந்து பேரின் பழக்கவழக்கத்தைத்தான் ஒப்பிடுவீர்கள்.

இத்தனையும் களைந்த பிறகு மிஞ்சும் வேறுபாடுகளை வைத்து என்ன செய்வது? எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஈனோதெரா. மருந்துக்கடையில் ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில் என்று மாத்திரை விற்கிறார்களே, அது இந்தப் பேரினத்து விதையின் எண்ணெய். வட அமெரிக்காவின் காட்டுச்செடி, சாயங்காலம் மஞ்சள் பூ விரியும். ஐரோப்பாவுக்குப் போய் அங்கே தரிசிலும் பாதையோரத்திலும் பரவிவிட்டது. 1886-இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் ஊருக்கு அருகே, கைவிட்ட உருளைக்கிழங்கு வயல் ஒன்றில் தாவரவியலார் ஹியூகோ டி விரிஸ் இதைப் பார்த்தார். திடீர் திடீரென்று புது வடிவங்கள் தோன்றுவதைக் கண்டு, 1901-இல் சடுதிமாற்றக் கோட்பாட்டை எழுதினார். அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இன்று நாம் அந்தப் பெயரில் சொல்பவை அல்ல, குரோமோசோம் குளறுபடிகள். ஆனால் அந்தக் குளறுபடிதான் பிற்பாடு பசுங்கணிகக்காரர்களுக்கு வரமாக வந்தது.

ஈனோதெராவில் 14 குரோமோசோம்கள். பல இனங்களில் இவை வழக்கம்போல் ஏழு ஜோடிகளாக நிற்காமல், பாலணு உருவாகும்போது கோத்துக்கொண்டு ஒரே வளையமாக நிற்கும். அதனால் அப்பா வழி வந்த தொகுதி ஒரு கட்டாகவும் அம்மா வழி வந்தது இன்னொரு கட்டாகவும், கலக்காமல் அடுத்த தலைமுறைக்குப் போகும். இரண்டாவது விசேஷம், பெரும்பாலான பூச்செடிகளில் பசுங்கணிகம் தாயிடமிருந்து மட்டுமே வரும். இதில் மகரந்தமும் கொண்டுவரும். மூன்றாவது, இனங்களைக் கலந்தால் வளரும் வாரிசு கிடைக்கும். மூன்றையும் சேர்த்தால், இந்த இனத்தின் உட்கருவை அந்த இனத்தின் பசுங்கணிகத்தோடு வேண்டியபடி இணைத்துப் பார்க்கலாம். 1920-களிலிருந்து ஓட்டோ ரென்னரும், அவருக்குப் பிறகு வில்ஃபிரெட் ஸ்டுப்பெயும் வருடக்கணக்கில் இதைச் செய்தார்கள். உட்கருவில் ஏ, பி, சி என்று மூன்று அடிப்படை வகை, பசுங்கணிகத்தில் ஐந்து வகை என்று 1959-இல் ஸ்டுப்பெ வகுத்தார். எந்த உட்கருவும் எந்தப் பசுங்கணிகமும் சேர்ந்தால் இலை பச்சை, எது சேர்ந்தால் மஞ்சள், எது சேர்ந்தால் முளையே எழாது என்று ஒரு முழு அட்டவணை அவர்களிடம் இருந்தது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே!

2008-இல் ஸ்டெஃபான் கிரைனரும் கூட்டாளிகளும் ஐந்து வகையையும் முழுதாக வரிசைப்படுத்தினார்கள். மிகச் சிறியது 4-ஆம் வகை, 1,63,365 எழுத்து. மிகப் பெரியது 1-ஆம் வகை, 1,65,728. ஒன்றுக்கொன்று ஒற்றுமை 96.3 முதல் 98.6 சதவீதம் வரை. மரபணுக்கள் 113. உங்கள் ஐந்து செடிகளின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். பெரிய ஒற்றைப் பகுதியில் 56,000 எழுத்துள்ள ஒரு தலைகீழ் மாற்றமும் இருந்தது. பார்க்க எடுப்பான மாற்றம், ஆனால் ஐந்திலும் ஒன்றுபோல் இருப்பதால் இந்த ஐந்தைப் பிரித்துப் பார்க்க அது உதவாது. இவை பிரிந்தே பத்து லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அவ்வளவு நெருங்கிய உறவில், ஒரே மரபணுப் பட்டியலோடு, ஏன் சில சேர்க்கை பச்சை, சில சேர்க்கை மஞ்சள்?

இங்கேதான் ஒப்பீட்டுக்கு உயிர் வருகிறது. ஏ-யும் பி-யும் கலந்த உட்கருவோடு 1-ஆம் வகைப் பசுங்கணிகம் சேர்ந்தால் இலை வெளிறி மஞ்சள் தட்டும். அதே உட்கருவோடு 2-ஆம் அல்லது 3-ஆம் வகை சேர்ந்தால் கோளாறு இல்லை. 1-ஆம் வகையும் தன் சொந்த ஏ-ஏ உட்கருவோடு நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் குற்றவாளி, 2-இலும் 3-இலும் ஒன்றாக இருந்து 1-இல் மட்டும் மாறியிருக்கும் இடங்களில்தான் ஒளிந்திருக்க வேண்டும். இந்த ஒரு சல்லடையிலேயே ஆயிரக்கணக்கான வேறுபாடுகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். மீதியில் புரதத்தை மாற்றாதவை, எந்த மரபணுவின் இயக்கத்தையும் தொடாதவை என்று கழித்துக்கொண்டே போகலாம். கடைசியில் மிஞ்சி நின்ற முக்கியமான இடம் கிளிப்-பி, பி.எஸ்.பி-பி என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம். 1-ஆம் வகையில் மட்டும் அங்கே நூற்றைம்பதுக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள் காணாமல் போயிருந்தன. ஒரு மரபணுவுக்குள்ளும் இல்லை. ஆனால் இருபுறமும் உள்ள மரபணுக்களைப் படியெடுக்கத் தொடங்கும் இடம் அதுதான். பி.எஸ்.பி-பி என்பது, ஒளிச்சேர்க்கையில் வெளிச்சத்தைப் பிடிக்கும் 'ஒளித்தொகுப்பு-2' என்ற அமைப்பின் முக்கியப் புரதம் ஒன்றுக்கான மரபணு.

2021-இல் அதே வழியில் வந்த ஆய்வு இதை உறுதி செய்தது. அந்தக் கலப்பினச் செடிகளில் பி.எஸ்.பி-பி இருக்கும் மரபணுத் தொடரின் படியெடுப்பு, வெளிச்சம் அதிகமாகும்போது தடைபடுகிறது. வெளிச்சம் குறைவாக இருந்தால் சமாளித்துக்கொள்கிறது, சுளீரென்ற வெயிலில் முடிவதில்லை. அதாவது இரண்டு காட்டினங்கள் கலந்து பிறக்கும் வாரிசு, திறந்த வெயிலுள்ள நிலத்தில் காலூன்ற முடியாமல் போகிறது. இனங்கள் தனித்தனியாக நிற்பதற்கு ஒரு காரணம், எந்த மரபணுவிலும் இல்லாத ஒரு சிறு வெற்றிட இழப்பு. சதவீதக் கணக்கில் பார்த்தால் அது பத்தில் ஒரு பங்கு சதவீதம்கூட வராது.

இதே ஐந்து வகைகளில் இன்னொரு கதையும் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பசுங்கணிகம் வருவதால் கருவுக்குள் இரண்டுக்கும் போட்டி. 1, 3 வகைகள் வேகமாகப் பெருகி ஜெயிக்கும், 4-ஆம் வகை பின்தங்கும். 2019-இல் இதற்கும் வேறுபாடுகளைத் தேடினார்கள். கொழுப்பமிலம் செய்யும் முதல் படியில் வேலை செய்யும் ஏ.சி.சி-டி மரபணுவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஒய்.சி.எஃப்-2 பகுதியிலும், திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசைகளின் எண்ணிக்கை மாறியிருப்பதோடு போட்டியின் முடிவு ஒத்துப்போனது. பொதுவாக மரம் போடும்போது 'அடுக்க முடியவில்லை' என்று வெட்டித் தள்ளும் இடங்கள்தான் இவை.

நெருங்கிய உறவு என்றாலே 98 சதவீதம்தான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு அம்மையார் கூந்தலைச் சொல்லலாம். வேலியிலும் புதரிலும் மஞ்சள் நூலாகப் படர்ந்து உறிஞ்சி வாழும் கஸ்குட்டா பேரினத்துக் கொடி. நம் நாட்டில் பரவலாக உள்ள கஸ்குட்டா ரிஃப்ளெக்ஸாவின் பசுங்கணிக ஜீனோம் ஏறத்தாழ 1,21,500 எழுத்து. அமெரிக்காவின் கஸ்குட்டா குரோனோவியோ 87,000-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே பேரினம்! இரண்டிலும், ஒளிச்சேர்க்கையில் துணைவேலை செய்யும் என்.டி.எச். மரபணுக் குழு மொத்தமாகப் போய்விட்டது. குரோனோவியில் மேட்-கேயும் படியெடுக்கும் நொதியின் மரபணுக்களும்கூட இல்லை. ஆனால் ஆர்.பி.சி.எல். இரண்டிலும் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையை அறவே விட்டுவிட்ட எபிஃபேகஸ் என்ற வட அமெரிக்க ஒட்டுண்ணியில் ஜீனோம் 70,028 எழுத்துக்குச் சுருங்கி 42 மரபணுக்களோடு நிற்பது 1992-இலேயே தெரிந்த விஷயம். உங்கள் ஐந்தும் பச்சைச் செடிகள் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மரபணு இழப்பை உறவுக்கு ஆதாரமாக வைக்காதீர்கள். இன்ஃப்-ஏ என்ற மரபணு பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய 24 தடவை தனித்தனியாகச் செத்திருக்கிறது. இரண்டு செடியில் அது இல்லை என்பதால் இரண்டும் அக்கா தங்கை ஆகிவிடாது.

இப்போது மரத்துக்கு வருவோம். பசுங்கணிக மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் 100, 100 என்று ஆதரவு எண் (தரவைக் குலுக்கிக் குலுக்கி மரம் போட்டபோது அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு) நிற்கும், அதைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒன்றரை லட்சம் எழுத்து இருந்தாலும் அது ஒரே சங்கிலியாகப் பரம்பரைக்கு வருவது. ஆகவே அதை எத்தனை முறை குலுக்கிப் போட்டாலும் ஒரே ஒரு வம்சக் கதையைத்தான் அது சொல்லும். அந்தக் கதையும் பெரும்பாலும் தாய்வழிக் கதை. 1909-இலேயே காரென்ஸ் அந்திமந்தாரையில் இலை நிறம் தாய்வழியாக மட்டும் வருவதைக் காட்டினார். பாவுர் அதே ஆண்டு பெலார்கோனியத்தில் இருவழியாகவும் வருவதைக் காட்டினார். பூச்செடிகளில் பெரும்பான்மை அந்திமந்தாரையின் கட்சி. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பத்தின் பழைய பத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்பா வழிச் சொந்தத்தைத் தேடினால் என்ன கிடைக்குமோ, பசுங்கணிக மரத்தை மட்டும் வைத்து இனங்களின் உறவைத் தேடினாலும் அதுதான் கிடைக்கும். பத்திரம் பொய் சொல்லவில்லை, அதில் பாதிக் குடும்பம் எழுதப்படவில்லை.

ஐரோப்பிய ஓக் மரங்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கலாம். ரெமி பெத்தியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2,600-க்கு மேற்பட்ட இடங்களிலிருந்து வெள்ளை ஓக் மரங்களை எடுத்துப் பசுங்கணிக வகைகளைப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். இனத்தின்படி அவை பிரியவே இல்லை. ஒரே காட்டில் நிற்கும் இரண்டு இனங்களுக்கு ஒரே பசுங்கணிகம், ஒரே இனத்தின் இரண்டு தூரத்துக் காடுகளுக்கு வேறு வேறு பசுங்கணிகம். வரைபடத்தில் வைத்தால் பனியுகத்தில் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் ஒதுங்கியிருந்த ஓக் மரங்கள் வடக்கே பரவி வந்த பாதைகள்தான் தெரிந்தன. இது நடக்கும் விதம் எளிது. ஓர் இனத்தின் தாய்மரத்தில் வேறு இனத்தின் மகரந்தம் விழுகிறது. பிறக்கும் கலப்பினத்தில் மறுபடி அதே வேற்றின மகரந்தம், அடுத்த தலைமுறையிலும் அதே. சில தலைமுறையில் உட்கரு முழுக்க அந்த இனமாகிவிடும். இலை, காய் எல்லாம் அப்பா வழி. பசுங்கணிகம் மட்டும் முதல் தாயினுடையதாகவே நிற்கும். பசுங்கணிகக் கைப்பற்றல் என்று இதைச் சொல்கிறார்கள்.

உங்கள் மரம் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நேராக இதற்குப் போகாதீர்கள், சின்னக் காரணங்களை முதலில் ஒதுக்க வேண்டும். செடியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம், குப்பிகள் மாறியிருக்கலாம். இதைச் சோதிக்க ஒவ்வொரு செடிக்கும் உலர்த்திய மாதிரி ஒன்று ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், இருக்க வேண்டும், இல்லையென்றால் சோதிக்கவே முடியாது. அடுத்தது, இனங்கள் மிக வேகமாகப் பிரிந்திருந்தால், தாயினத்தில் இருந்த இரண்டு மூன்று பசுங்கணிக வகைகள் சீட்டுக் குலுக்கியதுபோல் பிள்ளையினங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கலப்பே நடக்காமலும் மரம் மாறும்.

கைப்பற்றலா, குலுக்கலா என்று பிரிக்க ஓர் இனத்துக்கு ஒரு செடி போதாது. ஒத்துப்போகாத இனத்திலும், பசுங்கணிக மரத்தில் அதன் பக்கத்தில் போய் நிற்கும் இனத்திலும், ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலைந்து இடங்களிலிருந்து செடிகளை எடுங்கள். அவற்றுக்கு முழு ஜீனோம்கூடத் தேவையில்லை. இப்போது இருக்கும் ஐந்திலிருந்து அதிகம் மாறும் இரண்டு மூன்று வெற்றிடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் பி.சி.ஆர். போட்டு (அந்தத் துண்டை மட்டும் பல பிரதியாகப் பெருக்கி) வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும். ஒரே மலையில் நிற்கும் இரண்டு இனங்களுக்கும் ஒரே வகை, தூரத்து மலையில் வேறு வகை என்று வந்தால் கைப்பற்றல் பக்கம் தராசு சாயும். இடத்தோடு சம்பந்தமே இல்லாமல் சிதறினால் குலுக்கல்.

அப்புறம், உட்கரு. இலையிலிருந்து மொத்த டி.என்.ஏ.வை எடுத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள். பசுங்கணிகம் செல்லுக்கு ஆயிரக்கணக்கில் பிரதி இருப்பதால்தான் அது எளிதாகக் கிடைத்தது. அதே தரவில், அதே காரணத்தால், உட்கருவின் ரைபோசோம் மரபணுத் தொடரும் இருக்கும், ஏனென்றால் அதற்கும் நூற்றுக்கணக்கான பிரதிகள். புதிதாகச் செலவு செய்யாமல் அதைக் கோவைப்படுத்தி ஒரு மரம் போடலாம். பூ, காயைப் பார்த்துச் சொன்ன உறவோடு அது ஒத்துப்போனால் பசுங்கணிகம்தான் தனிவழி போயிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அதுவும் ஒரே ஒரு சாட்சிதான். அதுவும் மூன்றாவதாக ஒரு உறவைச் சொன்னால், பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொருந்தும்படி கியூ தாவரவியல் பூங்காவினர் வடிவமைத்த 353 உட்கரு மரபணுக்களின் தொகுப்பு இருக்கிறது. மிச்சமிருக்கும் பணத்தை ஆறாவது பசுங்கணிகத்தில் போடாமல் அதில் போடுங்கள்.